காற்று மேலே, நிப்பிள் கீழே: எத்தனை முறை ஏர் எடுத்தும் இறுகாத ஒரு பெடல்

முதல் தடவை மிதித்தால் பிரேக் பெடல் முக்கால் தூரம் போகும். உடனே மறுபடி மிதித்தால் பாதியில் நிற்கும். மூன்றாவது மிதியில் ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்துவிடும். காலை எடுத்துவிட்டுப் பத்து விநாடி கழித்து மிதித்தால் மறுபடி முக்கால் தூரம். நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று, அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை நிப்பிள் என்ற சின்னத் திருகு வழியாக வெளியேற்றியாயிற்று. வெளியே வந்த பிரேக் ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லை என்று கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறமும் இதே கதை.

இந்தப் பெடலோடு நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது. ஒன்றல்ல, இரண்டு தப்பு. முதல் தப்பைத் தேடும்போதே இரண்டாவதையும் செய்துகொண்டிருந்தேன் என்பது கடைசியில்தான் தெரிந்தது. வீட்டில் தானே பிரேக் வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

பதினொரு வருடம் ஓடிய சின்னக் கார். முன் சக்கரம் இழுக்கிற வகை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு. பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்தவை: முன் வலதும் பின் இடதும் ஒரு சுற்று, முன் இடதும் பின் வலதும் இன்னொரு சுற்று. ஒரு சுற்றில் ஆயில் முழுக்கப் போய்விட்டாலும் ஒரு முன் சக்கரமாவது பிடிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு.

புகார் எளிமையானது. ஓட்டி முடித்து நிறுத்தினால் முன் இடது சக்கரம் மட்டும் கை கிட்டே கொண்டுபோக முடியாத சூடு. சமதளத்தில்கூட வண்டி இடப்பக்கம் சாய்ந்து போகும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தூசி ரப்பர் கிழிந்திருந்தது. உள்ளே தண்ணீர் போய், துருப்பிடித்து, பிஸ்டன் பாதியில் சிக்கி நின்றிருந்தது. மிதித்தால் பிடிக்கும், விட்டால் முழுசாக விடாது. ஒரு பக்கம் புதிது மறுபக்கம் பழையது என்று இருந்தால் பிடிமானம் சமமாக இருக்காது என்பதால் இரண்டு காலிப்பரையும், கூடவே முன் ஹோஸ்கள் இரண்டையும் மாற்ற முடிவு செய்தேன்.

பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றிவிடுவது என்று அப்போதே முடிவு. பழையது எஞ்சின் ஆயில் போலக் கறுத்துக் கிடந்தது. ஆயில் என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை. கிளைகால் சார்ந்த திரவம். எண்ணெய் தண்ணீரை ஒதுக்கும், இது காற்றிலிருக்கும் ஈரத்தையே தேடி இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்துப் புதிய ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். டாட் 3க்கு இந்தக் கணக்கு 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் அந்தச் சூடு எட்டாக்கனி அல்ல. கொதித்தால் ஆவி. ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நான் எத்தனை வருடமாக மாற்றவில்லை என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

முதல் ஞாயிறு

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, நாலு சக்கரத்தையும் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டுகிறவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

புது காலிப்பர் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அதே போல்ட் துளைகள், அதே பிஸ்டன். கைக்கு வந்ததை எடுத்து மாட்டினேன், அச்சாகப் பொருந்தியது. ஹோஸ் மட்டும் இரண்டு பக்கமும் லேசாக முறுக்கி நின்றது. புது ஹோஸ், இன்னும் வளைந்து பழகவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏர் எடுக்கிற நிப்பிள் கீழ்ப்பக்கமாக இருந்தது. குழாய் மாட்ட எவ்வளவு வசதி என்றுகூட நினைத்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பெடல் மிதிக்க அண்ணன் மகன் வந்தான். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயிலும் காற்றும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் வெளியே போன காற்றை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயின் மறுமுனை, பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். எங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம், பெடல் மிதித்தால் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் அதே பக்கம். எனவே தூரத்திலிருக்கும் பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. எல்லா வண்டிக்கும் இதே வரிசை கிடையாது. குறுக்குச் சுற்று வண்டிகளில் சிலவற்றுக்கு வேறு வரிசை கேட்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்ப்பது உத்தமம்.

"மிதி."

"மிதிச்சுட்டேன் சித்தப்பா."

"விடாம பிடி... கீழே போயிடுச்சா?"

"தரையைத் தொட்டுடுச்சு."

"அப்படியே இரு. ம், இப்ப விடு."

இதே நாலு வரிதான் அன்று முழுக்க. ஒரு மிதிக்கு நாலைந்து சிசி ஆயில் வரும். பழைய கறுப்பு போய்ப் புது ஆயிலின் வெளிர் மஞ்சள் வரும்வரை நாலு சக்கரத்துக்கும் சேர்த்து முக்கால் லிட்டர் போயிற்று. நூற்றைம்பது மிதியாவது இருக்கும். ஒவ்வொரு பத்து மிதிக்கும் மேலே தொட்டியில் ஆயில் ஊற்றினேன், குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்க விடவில்லை. முன் சக்கரங்களில் முதலில் நுரையாக வந்தது, அப்புறம் முத்து முத்தாக, அப்புறம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் குழாயில் சுத்தமான மஞ்சள் கோடு. நிப்பிளை இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

இறுக்குவது பற்றி ஒன்று. நிப்பிளின் நடுவில் துளை உண்டு, சுவர் மெல்லியது. பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் கேட்கிறார்கள், அதாவது சின்ன ரிங் ஸ்பேனரில் மணிக்கட்டு பலம். தோள் பலத்தைக் காட்டினால் கழுத்தோடு முறியும்.

"பஞ்சு மாதிரி இருக்கு சித்தப்பா" என்றான் உள்ளேயிருந்து.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். இந்தக் கட்டுரையின் முதல் பத்தி நடந்தது.

குழாயின் முதல் பொய், இரண்டாவது பொய்

அடுத்த ஞாயிறு வரை மண்டைக்குள் ஒரே எண்ணம்: காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்ச் சிக்கிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்ன வால்வுகளும் ஒரு பம்பும் உண்டு. சாதாரணமாக மிதிக்கும்போது சில வழிகள் மூடியே இருக்கும். அங்கே காற்று நுழைந்தால் பெடலை எத்தனை முறை மிதித்தாலும் வராது. காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டிப் பம்பை ஓடவிட்டு எடுக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் காற்று அங்கே போக வேண்டுமானால் தொட்டி வற்றியிருக்க வேண்டும், அல்லது பெட்டிக்கு வரும் குழாயைக் கழற்றியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அது தெரிந்தும் ஸ்கேனர் இரவல் வாங்கி, பம்பை உறுமவிட்டு, அரை நாளைக் கரைத்தேன். சிக்கலான பாகத்தின் மேல் சந்தேகப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, நாம் செய்த எளிய வேலையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லையே.

கையால் இயக்கும் வெற்றிடப் பம்பும் ஒன்று கிடைத்தது. நிப்பிளில் மாட்டி உறிஞ்சினால் பெடல் மிதிக்க ஆளே வேண்டாம். மாட்டினேன், உறிஞ்சினேன், குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது! "கண்டுபிடிச்சாச்சு" என்று கத்தினேன். அரை லிட்டர் ஆயில் போயும் குமிழி குறையவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது காலிப்பருக்குள்ளிருந்து வரும் காற்றே அல்ல. நிப்பிளைத் தளர்த்தியதும் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றைப் பம்பு இழுத்துக்கொண்டிருந்தது. மரையின் வெளிவிளிம்பில் பிரேக்குக்கான சிலிகான் கிரீஸைச் சுற்றித் தடவியதும் குமிழி சட்டென்று நின்றது.

ஆக, முதல் வாரம் குழாயில் குமிழி இல்லை, உள்ளே காற்று இருந்தது. இரண்டாம் வாரம் குழாயில் குமிழி இருந்தது, அது உள்ளேயிருந்து வந்ததல்ல. குழாயில் தெரிவது குழாயின் சங்கதி மட்டுமே. காலிப்பருக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல.

அன்று உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. பின் டிரம்களைத் திறந்து பார்த்தபோது, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். தானாகச் சரிசெய்துகொள்ளும் பல்சக்கரம் இறுகிப் போயிருந்தது. சுத்தம் செய்து, டிரம்மைச் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்கு வைத்தேன். பெடல் ஒரு விரல்கடை மேலே வந்தது. ஷூ தூரமாக இருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும், இரண்டு மூன்று முறை மிதித்தால் ஏறும். காற்று இருப்பதுபோலவே ஏமாற்றும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: ஷூ பிரச்சினை என்றால் பெடல் ஆழத்தில் போய்க் கெட்டியாக நிற்கும். காற்று என்றால் நிற்கிற இடத்திலும் மெத்து மெத்தென்று அமுங்கும். என் பெடல் இன்னும் அமுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நாலு கவ்வி

மூன்றாவது ஞாயிறு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரப்பர் ஹோஸை நசுக்கி அடைக்கும் கவ்விகள் நாலு வாங்கி, நாலு சக்கரத்து ஹோஸிலும் மாட்டினேன். வாய் உருண்டையான கவ்வியாக இருக்க வேண்டும். பல் வைத்த பிளையரைப் போட்டால் ஹோஸின் உள்சுவர் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. எஃகு வலை போட்ட ஹோஸாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ் என்றால் மாற்றிவிட்டுத்தான் மற்றது.

நாலும் அடைபட்ட நிலையில் ஓங்கி மிதித்தேன். பெடல் கல். இம்மி அசையவில்லை. இது சொல்கிற சேதி பெரிது: மாஸ்டர் சிலிண்டரிலும் ஏபிஎஸ் பெட்டியிலும் இரும்புக் குழாய்களிலும் காற்று இல்லை. இருந்திருந்தால் இப்போதும் அமுங்கியிருக்கும். அரை நாள் ஸ்கேனர் கூத்துக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு.

பின் இடது கவ்வியை எடுத்தேன். பெடல் கொஞ்சம் இறங்கிக் கெட்டியாக நின்றது. ஷூ நகர்கிற தூரம் அது, நியாயமானது. பின் வலதும் அப்படியே. முன் வலதை எடுத்ததும் பெடல் தொபுக்கென்று உள்ளே போனது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு முன் இடதை எடுத்தால் அதுவும் அதே போல. இரண்டு முன் காலிப்பரிலும் காற்று, ஏறக்குறைய ஒரே அளவு.

ஒன்றில் மட்டும் என்றால் கசிவு, கோணல் வாஷர் என்று ஏதாவது நினைக்கலாம். இரண்டிலும் ஒரே அளவு என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு காரணம் இருக்க வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாக்கப் படுத்தேன். கண்ணுக்கு நேர் மேலே நிப்பிள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை என்றால், தரையை.

ஓரமாகக் கிடந்த பழைய காலிப்பரை எடுத்து, வண்டியில் இருந்த வாக்கில் தூக்கிப் பிடித்தேன். அதன் நிப்பிள் உச்சியில். புதியதின் முதுகைத் துணியால் துடைத்தால், வார்ப்பிலேயே பொறித்த எழுத்து தெரிந்தது. இடப்பக்கம் மாட்டியிருந்ததில் ஆங்கில ஆர். வலப்பக்கம் எல். இரட்டைப் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இந்த மாதிரிக் காலிப்பரில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள ஒரே வித்தியாசம் நிப்பிள் எந்த முனையில் இருக்கிறது என்பதுதான். தலைகீழாக மாட்டினாலும் போல்ட் சேரும், பேட் உட்காரும், வண்டி நிற்கவும் நிற்கும். காற்று மட்டும் போகாது.

வாளித் தண்ணீரில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே காற்று அடைபட்டு நிற்குமே, அதுதான். நான் ஊற்றிய ஆயில் எல்லாம் ஹோஸ் வழியாக வந்து, அடியில் திறந்திருந்த நிப்பிள் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. காற்று உச்சியில் சாவகாசமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ஒரு லிட்டர் அல்ல, ஒரு பீப்பாய் ஊற்றியிருந்தாலும் குழாயில் அதே குமிழியில்லாத மஞ்சள் கோடுதான் தெரிந்திருக்கும்.

ஒரு தேக்கரண்டி

எவ்வளவு காற்று இருந்திருக்கும் என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டருக்குக் குறுக்குப் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். ஒரு சிசி காற்றை நசுக்க பிஸ்டன் 2.6 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால், காலடியில் அது 13 மில்லிமீட்டர். ஒரே ஒரு சிசிக்கு இவ்வளவு. பாதி அழுத்தத்திலேயே காற்று நசுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடுவதால், அதன் முழுக் கொள்ளளவையும் பெடல் பயணத்தில் நாம் செலவழிக்கிறோம்.

என் பெடல் வழக்கத்தைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாகப் போயிற்று. அப்படியானால் நாலரை சிசி. ஒரு தேக்கரண்டி 5 சிசி. மூன்று வாரம் என்னை ஆட்டிப் படைத்தது, இரண்டு காலிப்பரிலும் பங்கு போட்டுக்கொண்ட ஒரு தேக்கரண்டிக் காற்று.

அடுக்கடுக்காக மிதித்தால் பெடல் ஏன் ஏறுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வேகமாக மிதிக்கும்போது முந்தைய மிதியில் போன ஆயில் முழுக்கத் திரும்புவதற்குள் மாஸ்டர் சிலிண்டர் தொட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கி முன்னால் தள்ளிவிடுகிறது. காற்று இருந்த இடத்தைக் கூடுதல் ஆயில் தற்காலிகமாக நிரப்புகிறது. "ரெண்டு தடவை பம்ப் பண்ணினா பிடிக்குது, பரவாயில்லை" என்று அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. குறுக்கே குழந்தை ஓடி வந்தால் முதல் மிதி மட்டும்தான் கைவசம் இருக்கும்.

காலிப்பர்களை இடம் மாற்றினேன். ஹோஸ் சேரும் துளைப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர்கள். ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் கசியும். ஹோஸ் முறுக்கில்லாமல் இயல்பாக வளைந்து நின்றது, அதுவும் முதல் நாளே சொல்லிப் பார்த்திருக்கிறது. நிப்பிள் இப்போது உச்சியில். முதல் மிதியிலேயே கண்ணாடிக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரே காற்று. பாட்டிலில் குபுக்கென்று ஒரு சத்தம். மறுபக்கமும் குபுக்.

"சித்தப்பா, பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு!"

கழற்றி மாட்ட நேரமில்லாதவர்கள் ஒன்று செய்யலாம். காலிப்பரை இடத்திலிருந்து எடுத்து, பேட்களுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து, நிப்பிள் மேலே வருமாறு திருப்பிப் பிடித்து ஏர் எடுக்கலாம். மரத்துண்டு இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே குதிக்கும். காற்று எங்கே என்று உறுதிசெய்ய இது நல்ல வழி. ஆனால் முறுக்கிய ஹோஸோடு அப்படியே ஓட்டுவதற்கு இது சாக்கு அல்ல.

இறுகிய பெடல் இறங்கியது

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் முன் கடைசியாக ஒரு சோதனை செய்தேன். எஞ்சினை நிறுத்தியபடி ஐந்தாறு முறை மிதித்து, கால் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, பெடலில் காலை வைத்தபடியே எஞ்சினை இயக்கினால், பெடல் ஒரு சின்னக் குழி இறங்கி நிற்க வேண்டும். பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம் அது. பலர் இதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஏர் எடுக்கக் கிளம்புவார்கள். பயப்பட வேண்டாம்.

என் பெடல் அந்தக் குழியில் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. மிதமாக அழுத்திப் பிடித்தேன். லிஃப்ட் இறங்குகிற மாதிரி, மெதுவாக, சத்தமில்லாமல், அரை நிமிடத்தில் மூன்று சென்டிமீட்டர் போயிற்று. விட்டு மிதித்தால் பழைய உயரம், கெட்டி. பிடித்து வைத்தால் மறுபடி இறக்கம்.

பஞ்சு மாதிரி அமுங்குவது ஒரு நோய், பிடித்த இடத்திலிருந்து வழுக்கி இறங்குவது வேறு நோய். இரண்டாவதில் ஆயில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. நாலு சக்கரத்திலும் மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன், ஈரம் இல்லை. மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடமும் காய்ந்துதான் இருந்தது. தொட்டியில் அளவு குறையவில்லை. வெளியே போகாமல், அளவும் குறையாமல் இறங்குகிறது என்றால் ஒரே வழிதான்: மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீலைத் தாண்டி முன்னாலிருந்து பின்னால் நழுவித் தொட்டிக்கே திரும்புகிறது.

நாலு கவ்வி மாட்டியபோது பெடல் கல்லாக இருந்ததே? அன்று நான் ஓங்கி மிதித்துப் பார்த்தேனே தவிர மெதுவாக அழுத்திப் பிடித்து வைக்கவில்லை. இந்த சீலின் உதடு அழுத்தம் கூடக் கூட விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஓங்கி மிதித்தால் கெட்டி, மிதமாகப் பிடித்தால் நழுவல். சிக்னலில் பிரேக்கைப் பிடித்தபடி நிற்கும்போது பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

சீல் ஏன் இப்போது போயிற்று? அண்ணன் மகனின் அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. தரையைத் தொட்டுடுச்சு.

தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் பாதையின் முதல் பகுதியில்தான் போய்வரும். அதற்கு அப்பால் பல வருடம் யாரும் போகாத இடம். ஈரம் குடித்த பழைய ஆயில் அங்கே அரிப்பும் படிவும் சேர்த்து வைத்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை தள்ளினால் சீலின் உதடு அந்தச் சொரசொரப்பின் மேல் இழுபடும். நாங்கள் ஒரு தடவை அல்ல, இரண்டு வாரத்தில் இருநூறு தடவை இழுத்திருக்கிறோம். பெடலுக்கு அடியில் நாலு சென்டிமீட்டர் மரத்துண்டு ஒன்றைப் போட்டிருந்தால் போதும், பிஸ்டன் அவ்வளவு தூரம் போயிருக்காது. சில மிதி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

கழற்றிய பிறகு பழைய சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். முன் சீலின் உதட்டில் நகத்தால் கீறியது போல நீளவாக்கில் மூன்று கோடுகள். துளைக்குள் டார்ச் அடித்தால், பாதிவரை கண்ணாடி, அதற்கப்புறம் சாம்பல் நிறப் புள்ளிகள். ஏற்கெனவே சாகக் கிடந்த சீலா, நாங்கள் கொன்ற சீலா என்று நிரூபிக்க முடியாது. கோடுகள் புதியவை என்றுதான் எனக்குத் தோன்றியது.

புது மாஸ்டர் சிலிண்டர்

புது சிலிண்டரை அப்படியே வண்டியில் மாட்டினால் அதற்குள் இருக்கும் காற்று முழுவதையும் நீளமான குழாய்கள் வழியாக, ஏபிஎஸ் பெட்டி வழியாக ஓட்டிச் செல்ல வேண்டும். அதனால் முதலில் மேசை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்தேன். இரண்டு வாய்களிலும் குட்டிக் குழாய் மாட்டி, முனைகளை மேலே தொட்டிக்குள்ளேயே விட்டு, ஆயில் ஊற்றி, மழுங்கிய மரக்குச்சியால் பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி விட்டேன். வேகம் கூடாது, நுரைத்துவிடும். பத்து நிமிடம் நல்ல குமிழி வந்தது, அப்புறம் நின்றது. தொட்டியைத் தாண்டி வெளியே பீச்சிய துளிகளை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், ஆனால் தண்ணீரில் கரையும் என்பது ஒரு நல்ல குணம்.

வண்டியில் மாட்டி, குழாய்களைச் சேர்த்து, நாலு சக்கரத்திலும் மறுபடி ஏர். இந்த முறை பெடலடியில் மரத்துண்டு. புதிதாகப் பிரித்த ஆயில் டப்பா. முந்தைய வாரம் மூடி திறந்த டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது, பாட்டிலில் பிடித்த ஆயிலும் பார்க்கத் தெளிவாகவே இருந்தது. இரண்டையும் தொடவில்லை.

எஞ்சின் ஓட, பெடலை மிதமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடித்தேன். அசைவில்லை. ஓங்கி அழுத்தி ஒரு நிமிடம். அசைவில்லை. அண்ணன் மகனை உட்கார வைத்து அவனும் பிடித்துப் பார்த்தான். எனக்கு என் கால் மேலேயே நம்பிக்கை குறைந்திருந்தது.

சக்கரங்களை மாட்டி, காலி மைதானத்தில் நடக்கிற வேகத்தில் ஒரு பிடி. ஒரு கை ஹேண்ட்பிரேக் மேலேயே. அப்புறம் 20, அப்புறம் 40 கிலோமீட்டர் வேகம். இடம் வலம் இழுக்கவில்லை. கடைசியாக மண் பரப்பில் ஓங்கி மிதித்தபோது ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று உதைத்தது. வீட்டுக்கு வந்து கை வைத்துப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் ஒரே சூடு.

ராத்திரி நாலு நிப்பிளிலும் டிஷ்யூ சுற்றி, நூலால் கட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் நாலும் காய்ந்திருந்தன. ரப்பர் மூடிகளைப் போட்டேன். பழைய காலிப்பர்களைத் தூக்கி வீசும் முன் அண்ணன் மகன் ஒன்றை வாங்கி, நிப்பிள் பக்கம் சாக்பீஸால் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு, கருவி அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.